ஏழாம் நம்பர் மலையில் சமிபாடு

மாங்கொல்லைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் பிறந்த திரேசம்மாவின் வாழ்க்கையை எழுத முற்படும் எவரும் அவருடைய வயிற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாற்பத்திரண்டு வருடங்களில் தோட்ட நிருவாகம் அவருடைய விரல்களில் மட்டுமே அக்கறை காட்டியது. அரசாங்கமும் விரலில்தான் அக்கறை காட்டியது, அதுவும் பிரஜாவுரிமை கொடுத்த பிறகு, தேர்தல் நாளில் மை பூசுவதற்காக. மிச்சமிருந்த உறுப்புகளை அவரே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வயிற்றைப் பொறுத்தவரை அவர் நல்ல பயிற்சி பெற்றவர். எழுபத்து நான்காம் வருஷப் பஞ்சத்தில், மாத்தளை டவுனில் ஒரு றாத்தல் பாண் ரொட்டிக்கு ஐந்து மணி நேரம் வரிசையில் நின்று, கடைசியில் வெறுங்கையோடு ஏழு மைல் ஏறி வந்தார். அந்த வருஷமே தோட்டத்து வேதக் கோயிலில் இராயப்பனுக்கும் அவருக்கும் கலியாணம். விருந்து, அவித்த மரவள்ளிக் கிழங்கு. எண்பத்து மூன்று கலவரத்தில் அவர்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்தின் கூரை எரிந்தபோது மூன்று நாள் காட்டில் கொய்யாக்காய் தின்றார். அடுத்தடுத்து வந்த அரசாங்கங்கள் இவ்வளவு சிரத்தையோடு பழக்கிய வயிறு தொண்ணூற்று ஏழாம் ஆண்டில் ஒழுங்காக வேலை செய்ய மறுத்ததுதான் ஆச்சரியம்.

காரணம், ஏழாம் நம்பர் மலை.

அந்த மலையின் நடுவே நீரோடை போல ஒரு கான் ஓடியது. அதன் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் புதர்ப் பற்றை. மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இயற்கை அழைத்தால் அங்கே போய் வந்தார்கள். அட்டை கடிக்கும், மழை நாளில் வழுக்கும். ஆனால் யாருடைய கண்ணும் படாது. தொண்ணூற்று ஆறில் மலை உச்சியிலிருந்த தொலைத்தொடர்புக் கோபுரத்துக்கு ராணுவக் காவல் போட்டார்கள். பயங்கரவாதிகள் ஒளிந்துகொள்ளக் கூடாது என்று பற்றை முழுவதையும் அடியோடு வெட்டினார்கள். அந்தப் பற்றையில் பயங்கரவாதி எவனும் ஒளிந்ததாகத் தகவல் இல்லை. ஒளிந்தவர்கள் அறுபது கொழுந்துக்காரிகள், ஆளுக்கு ஐந்து நிமிடம். நாட்டின் பாதுகாப்புக்கு அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு ஆபத்தானது என்பது மேலிடத்துக்குத் தெரிந்திருக்கிறது.

இனி மலையில் எங்கே குந்தினாலும் உச்சியில் இருக்கும் சிப்பாயின் தூரக்கண்ணாடிக்குத் தெரியும். அடுத்த கக்கூஸ் லயத்தடியில். இறங்கி ஏற முக்கால் மணித்தியாலம். அதற்குள் பறித்த கொழுந்தின் நிறுவை முடிந்துவிடும்.

ஆகவே பெண்கள் வாயை மூடினார்கள். காலையில் அரைக் கோப்பை தேத்தண்ணி, அதோடு சரி. மாலை நாலரை மணிக்குக் கடைசி நிறுவை முடியும் வரை ஒரு மிடறு இல்லை. கீரை சமைப்பதையும் நிறுத்தினார்கள். திரேசம்மாவுக்கு அடுத்த நிரையில் பறிக்கும் மார்ஜரி, மதிய வெயிலில் உதடு வெடித்து நின்றபடி ஒருநாள் சொன்னாள்:

“அக்கா, இப்பல்லாம் எனக்கு வர்றதே இல்லக்கா. வயிறே மறந்து போச்சு.”

“மறக்கல புள்ள, சேத்து வைக்குது. ஒருநாளைக்கு மொத்தமாக் கேக்கும்.”

திரேசம்மாவின் வயிறு தொண்ணூற்று ஏழு மாசி மாதத்தில் கேட்டது. இரத்தமாகக் கேட்டது. டவுனில் அவரைச் சோதித்த பெரிய டொக்டர் நீட்டிப் பேசவில்லை. “மூலம். தண்ணி குடிக்கணும். அடக்கவே கூடாது. இப்பிடியே விட்டா ஆறு மாசத்துல வெட்டித்தான் எடுக்கணும்” என்றார். வெட்டினால் ஒரு மாதம் மலைக்குப் போக முடியாது. அதற்குப் பிறகு கூடை தூக்க முடியுமா என்பதும் சந்தேகம். இராயப்பனுக்கு ஏற்கெனவே நெஞ்சுச் சளி. வீட்டில் உழைப்பது ஒரு கூடைதான்.

எனவே ஏழாம் நம்பர் மலையில் ஒரு கக்கூஸ் வேண்டும். அதைத் தோட்டத்தை நிருவகிக்கும் துரையிடம் கேட்கத் தோட்ட டிஸ்பென்சரியிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். கடிதம் எழுத வேண்டியவர் அங்கே மருந்து கொடுக்கும் திரு. விஜயரத்தினம்.

விஜயரத்தினம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினெட்டு வருடமாக அந்த டிஸ்பென்சரியை ஆண்டுகொண்டிருந்தவர். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. அவர் அமரும் கதிரைக்குப் பின்னால் அவரே கையால் எழுதிய ஒரு பெரிய செரிமானச் சார்ட் தொங்கியது: ‘நலமான சமிபாட்டுக்கு நாளாந்தப் பழக்கங்கள் பத்து.’ அந்தக் கதிரைக்குப் பின்னாலேயே அவருக்கென்று ஒரு கக்கூசும் இருந்தது. சிந்தனை தெளிவாக இருந்ததில் வியப்பில்லை.

“இஞ்ச பார் திரேசம்மா,” என்றார், சார்ட்டைக் கம்பால் தட்டி. “உங்கட ஆக்களின்ர வருத்தம் எல்லாத்துக்கும் காரணம் பழக்கவழக்கம். ரொட்டியை அப்பிடியே விழுங்கிறியள். தண்ணி குடிக்கிறேல்ல. பிறகு இஞ்ச வந்து அழுறியள்.”

“ஐயா, தண்ணி குடிச்சா எங்கங்க போறது?”

“அது வேற பிரச்சினை.”

“அதுதாங்க பிரச்சினை. நீங்க ஒரு கடிதாசி எழுதிக் குடுத்தீங்கன்னா...”

“மலையில கக்கூஸ் கட்டினா ஆர் கழுவுறது? துரை என்னை விசரன் எண்டெல்லோ நினைப்பார். முதல்ல உந்தப் பத்துப் பழக்கத்தையும் ஒரு மாசம் கடைப்பிடி. பிறகும் ரத்தம் வந்தால் பாப்பம்.”

வசதியுள்ளவனுக்கு வயிறு கெட்டால் அதற்குப் பெயர் நோய். கொழுந்துக்காரிக்குக் கெட்டால் அது பழக்கவழக்கம். இந்த மருத்துவ உண்மையை விஜயரத்தினம் எந்தக் கல்லூரியில் கற்றார் என்று தெரியவில்லை. திரேசம்மாவின் முகம் சிவந்தது. ஆனால் அவர் கத்தவில்லை. நாலாம் வகுப்பு வரை படித்தவர் ஆதலால் சார்ட்டை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை வாசித்தார். பிறகு கேட்டார்:

“பத்தையுமாங்க?”

“ஒண்டு விடாமல்.”

“மலையிலயுங்களா?”

“எங்க இருந்தாலும் வயிறு ஒண்டுதானே!”

“அப்ப அதயே ஒரு துண்டுல எழுதிக் குடுங்கய்யா. கங்காணி கேட்டா காட்டணும்.”

விஜயரத்தினத்துக்குத் தம்முடைய கையொப்பத்தின் மீது அளவு கடந்த பாசம் உண்டு. யார் துண்டு கேட்டாலும் எழுதுவார். எழுதினால் சீல் குத்தாமல் விடமாட்டார். ‘இவர் மேற்படி பத்துப் பழக்கங்களையும் வேலை நேரத்திலும் தவறாது பின்பற்ற வேண்டும்’ என்று எழுதி, ஒப்பமிட்டு, சீலை இரண்டு தரம் குத்தினார்.

மறுநாள் திரேசம்மா கூடையோடு பெரிய தண்ணீர்ப் போத்தலையும் சுமந்து மலைக்கு வந்தார். எட்டு மணிக்குள் மூன்று கிளாஸ் குடித்தார். எட்டரைக்குக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கீழே நடந்தார்.

வேலையை மேற்பார்க்கும் கங்காணி நோபர்ட் விசில் ஊதினார். “ஏய் திரேசு! எங்க கெளம்பிட்ட?”

“கக்கூசுக்கு.”

“நெறுவைக்கு இன்னும் நேரம் இருக்குல்ல? அடக்கிக்க!”

திரேசம்மா துண்டை எடுத்து அவர் மூக்கடியில் நீட்டினார். “நாலாம் நம்பரு. ‘வந்த உணர்வை ஒருபோதும் அடக்காதீர்.’ ஐயா கையெழுத்து, சீலு ரெண்டு. அடக்கச் சொல்றதுன்னா நீங்களும் எழுதி ஒரு சீலு வையுங்க கங்காணியாரே, அடக்கிக்கிறேன்.”

நோபர்ட்டிடம் சீல் இல்லை. குடையும் விசிலும்தான் இருந்தன.

மதியம் ரொட்டியை ஒரு வாய்க்கு முப்பத்திரண்டு தடவை மென்றார். மற்றவர்கள் எழும்பி நிரைக்குப் போன பிறகும் மென்றுகொண்டிருந்தார். நோபர்ட் வந்து சத்தம் போட, பத்து விரலையும் விரித்து, பிறகு ஒரு விரலை உயர்த்தி, இன்னும் பதினொன்று பாக்கி என்று சைகை காட்டினார். சாப்பிட்ட பின் சற்று உலாவ வேண்டும் என்று இருந்ததால் நிரையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் துரையின் மனைவி துரைசானி போல உலாவினார். பின்னேரம் மீண்டும் இரண்டு முறை கீழே போய் வந்தார்.

“பேரக் குறைச்சிருவேன், அரநாள் சம்பளந்தான்!” என்றார் நோபர்ட்.

“குறைங்க. எனக்கு ரத்தம் கொறையணும்.”

சனிக்கிழமைக்குள் மார்ஜரி உட்பட நாற்பத்தொரு பெண்கள் டிஸ்பென்சரிக்குப் போய் வயிறு சரியில்லை என்று சொல்லி, அதே துண்டைக் கேட்டு வாங்கி வந்தார்கள். விஜயரத்தினம் பூரித்துப் போனார். தோட்டத்தில் சுகாதார விழிப்புணர்வு முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு வளர்ந்துள்ளதாக மாத அறிக்கையில் எழுதினார். பங்குனி மழை பெய்து கொழுந்து வாரிக் கொட்டும் காலம் அது. கொழுந்து முற்றிக் கரட்டு இலையாகிக்கொண்டிருந்தது. நிறுவை பாதிக்குப் பாதியாக விழுந்தது.

துரையின் ஜீப் வந்தது. ஏழாம் நம்பர் மலையில் ஆளில்லை. மலைக்கும் லயத்துக்கும் நடுவே பாதை நெடுகப் பெண்கள் இறங்கியும் ஏறியும் கொண்டிருந்தார்கள், தூக்கிவரும் புனிதர் சுருவம் மட்டும் இல்லாத பெருநாள் ஊர்வலம் போல. துரை துண்டை வாங்கிப் பார்த்தார். நேரே டிஸ்பென்சரிக்குப் போனார். உள்ளே என்ன பேச்சு நடந்தது என்பதை வெளியில் நின்றவர்கள் முழுதும் விளங்கிக்கொள்ளவில்லை. ஆனால் சார்ட் கிழியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

மறுநாள் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பிரட்டில் நோபர்ட் ஒரு நோட்டீசை வாசித்தார். சமிபாட்டுப் பழக்கங்கள் பத்தும் இன்று முதல் இரத்துச் செய்யப்படுகின்றன. வேலை நேரத்தில் மலையை விட்டு இறங்குபவருக்கு அன்று பேர் இல்லை, சம்பளமும் இல்லை. இப்படியாக உலகத்திலேயே முதன்முறையாக ஒரு தோட்டத்தில் சமிபாடு சட்டவிரோதமாக்கப்பட்டது.

திரேசம்மா வரிசையிலிருந்து வெளியே வந்தார். துரை ஜீப்பில் சாய்ந்து நின்றார்.

“துரை, அந்தப் பத்தைக் காட்ட வெட்டுனப்ப இந்த மாதிரி ஒரு நோட்டீசு போட்டீங்களா? அறுபது பொம்பளைங்க எங்க போவாங்கன்னு ஒரு வாய் கேட்டீங்களா? குடிக்காம இருந்தோம். திங்காம இருந்தோம். ஒங்க கொழுந்துல ஒரு கிலோ கொறையல, எங்க வயித்துலதான் கொறஞ்சிச்சு. இப்ப ரத்தம் போகுது எனக்கு. வெட்டிட்டா எங்கூட்டுல அடுப்பு எரியாது. கேட்டா பழக்கம்னாங்க. சரின்னு பழகுனா, அதுவும் கூடாதுங்கிறீங்க!”

“சத்தம் போடாதே! மலையை விட்டு எறங்கக் கூடாது. அதுதான் சட்டம்.”

“எறங்கலங்க. ஏழாம் நம்பருக்கு நேர் மேல ஒங்க பங்களா. அஞ்சு நிமிஷம். அங்கதான் நல்ல பத்தை இருக்கு.”

துரை சிரித்தார். திரேசம்மா சிரிக்கவில்லை.

அன்று காலை ஒன்பது மணிக்குத் துரைசானி ஜன்னலைத் திறந்தபோது, அவர் பத்து வருடம் வெட்டி வளர்த்த குரோட்டன் வேலிக்குப் பின்னால் பதினேழு கொழுந்துக்காரிகளின் தலைகள் தெரிந்தன. மதியம் இருபத்து மூன்று. மறுநாளும் அப்படியே. தோட்டக்காரன் கம்போடு வந்தான். மார்ஜரி குந்தியபடியே, “தம்பி, அந்தப் பக்கம் திரும்பிக்க. அக்காமாருக்கு அவசரம்” என்றாள். அவன் திரும்பிக்கொண்டான். பங்களாவுக்குள்ளிருந்து துரைசானியின் குரல் துரையைப் பெயர் சொல்லி அழைத்தது. அழைத்த விதம் வேலி தாண்டியும் கேட்டது.

மூன்றாம் நாள் மேசன் வந்தார். நாலு தகரம், ஒரு குழி, ஒரு சீமெந்துத் தளம், உள்ளே தாழ்ப்பாள். அவ்வளவுதான். ஒரு வருடமாக இயலாமல் இருந்த காரியம் இரண்டு வாரத்தில் முடிந்தது.

திறப்பு விழாவுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். துரை வந்தார். உச்சியிலிருந்து சிப்பாய் தூரக்கண்ணாடியால் பார்த்தான். பேச்சாளர் திரு. விஜயரத்தினம்தான். தோட்டப் பெண்களின் சமிபாட்டுக்காகத் தாம் நெடுங்காலமாக நடத்திவந்த போராட்டம் இன்று கனிந்துள்ளது என்று ஆரம்பித்தார். உணவுக் குழாயிலிருந்து தொடங்கி இரைப்பைக்கு வரப் பதினைந்து நிமிடம் எடுத்தார். சிறுகுடலுக்கு அவர் போய்ச் சேருவதற்குள் திரேசம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. காலையிலிருந்து ஐந்து கிளாஸ் தண்ணீர் குடித்திருந்தார். நாற்காலிகளுக்கு நடுவே நடந்தார். ரிப்பன் இடுப்பில் மாட்டியது. அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டார்.

விஜயரத்தினம் பேச்சை நிறுத்தினார். துரை வானத்தைப் பார்த்தார். நோபர்ட் விசிலை வாயில் வைத்து, ஊதாமல் எடுத்தார்.

பத்து நிமிடம் கழித்துத் தகரத்துக்குள்ளிருந்து குரல் வந்தது, பிரட்டுக்களத்தில் கேட்ட அதே குரல்:

“அட பாவிகளா! தண்ணி எங்கடா?”

தண்ணீர்ப் பீப்பாய் எதுவும் வைத்திருக்கவில்லை. வாளி வெறும் வாளியாக வெளியே கவிழ்ந்திருந்தது. கானில் தண்ணீர் ஓடியது, இருநூறு அடி கீழே. துரை வாளியைப் பார்த்தார், நோபர்ட்டைப் பார்த்தார், கடைசியில் விஜயரத்தினத்தைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது.

விஜயரத்தினம் பேச்சுக் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வெள்ளைக் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். வாளியை எடுத்துக்கொண்டு கானை நோக்கி வழுக்கி வழுக்கி இறங்கினார்.

“ரெண்டு நடையாக் கொண்டாங்கய்யா!” என்று உள்ளிருந்து திரேசம்மா கத்தினார். “அடுத்தது மார்ஜரி நிக்கிறா!”