கேஸ்கட் சுரண்டிய மத்தியானம்

மாமாவும் அத்தையும் பேச்சை நிறுத்தியிருந்த அந்தச் சாரல் காலத்தில் இருவருக்கும் நடுவே சேதி சொல்லும் வேலை என்னுடையது. அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாமா ஆலப்புழையிலிருந்து ஒரு பழைய மோட்டார் படகை வாங்கி வந்துவிட்டார். சீசனுக்குக் குற்றாலத்துப் பக்கம் ஒரு குளத்தில் ஓட்டுவதாகத் திட்டம். "இது ஓடலன்னா வீரகேரளம்புதூருக்கு எங்க அம்மா வீட்டுக்கே போயிருவேன்" என்பதுதான் அத்தை அவரிடம் கடைசியாகப் பேசியது. எனக்கோ, முதல் சுற்று நீதான் என்று மாமா சொல்லியிருந்ததால் சோறே இறங்கவில்லை.

படகின் பின்னால் விசிறியோடு தண்ணீருக்குள் தொங்கும் டிரைவ், படகோடு சேரும் இடத்தில் கசிந்தது. மாமா அதைக் குளக்கரையில் கழற்றிப் போட்டார். கசிவைத் தடுக்க இடையில் வைத்திருந்த பழைய கேஸ்கட், அடிப்பிடித்த சோறு மாதிரி அலுமினியத்தோடு ஒட்டிக் கிடந்தது. துணுக்கு மிச்சமிருந்தாலும் புதியது சரியாகப் படியாதாம். ஸ்குரூடிரைவரால் சுரண்டத் தொடங்கினார்.

தூக்குச்சட்டியோடு வந்த அத்தை, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"ஏட்டி, அலுமினியச் சட்டிய யாராவது இரும்ப வச்சுச் சொரண்டுவாவளான்னு உங்க மாமாட்ட கேளு."

கேட்டேன்.

"இதுல சோறு வடிக்கப் போறதில்லன்னு சொல்லு."

சொன்னேன்.

"வடிச்சிருந்தாத்தான தெரியும்னு சொல்லு."

இதைச் சொல்வதற்குள் மாமா உளியையும் சுத்தியலையும் எடுத்துவிட்டார். அத்தை சட்டெனத் திரும்பினாள்.

"ஏன் இப்படிக் குத்துதிய? குழி விழுந்தா தண்ணி ஏறாதா? அங்கன வைங்க அத."

நான் அதை மாமாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் உளியைக் கீழே வைத்திருந்தார்.

டீக்கடையிலிருந்து என்னைத் தேங்காய்ச் சிரட்டை வாங்கி வரச் சொன்னாள் அத்தை. உடைத்தால் அதன் விளிம்பு கூராக இருக்கும். ஆனால் அலுமினியத்தைக் கீறாது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து அவள் சுரண்டச் சுரண்ட, மாமா துணியால் துடைத்தார். மீன் செதிலாகக் கழன்றது கேஸ்கட். என்னிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை.

புதியதைப் பொருத்திப் போல்ட்டுகளை முடுக்கிப் படகைக் குளத்தில் இறக்கினோம். சொட்டுக் கசிவில்லை. நான் குதித்த குதியில் பாவாடையெல்லாம் சேறு. மாமா கையை நீட்டினார், அத்தையிடம்.

"நீ இங்கனயே நில்லு தாயி. ஒரு சுத்து போயிட்டு வாரோம்."

என் முதல் சுற்று போயிற்று. உறுமிக்கொண்டு நடுக்குளம் வரை போன படகு அப்படியே நின்றது. சத்தமே இல்லை. ஒரு துணுக்கை விட்டுவிட்டார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அழுதுகொண்டே டீக்கடைக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, எஞ்சின் நின்னுட்டு. தண்ணி ஏறிட்டு. வாங்க."

அண்ணாச்சி வெளியே வந்து, கையைப் புருவத்தில் வைத்துக் குளத்தைப் பார்த்தார்.

"அது நிக்கல தாயி, நிப்பாட்டி வச்சிருக்காவ" என்று உள்ளே போய் டீ ஆற்றத் தொடங்கிவிட்டார்.

இரக்கமில்லாத மனுஷன். அந்தச் சீசன் முழுக்க அவர் கடைப் பக்கமே நான் போகவில்லை.