முன்னால் மாட்டிய புது டயர்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் 'முன்பின்' என்று பெயர். டயர் கடைக்கு யார் வந்தாலும், முன்னால் இருப்பதைக் கழற்றிப் பின்னால் மாட்டு, பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவா என்று ஓதிக்கொண்டே இருப்பார். முன்சக்கரம் திரும்பித் திரும்பி ஓரம் தேயும். அப்படியே விட்டால் அது மட்டும் மொட்டையாகிவிடும். அவ்வப்போது இடம் மாற்றினால் நாலும் ஒன்றுபோலத் தேயும். வீட்டிலும் இதே பாட்டுதான். மெத்தையின் தலைமாட்டைக் கால்மாட்டாக்குவார். சோபாவில் நான் உட்காரும் மூலையைக்கூட மாற்றச் சொல்வார். என்னை முதன்முதலாகப் பார்த்த அன்று முகத்தைப் பார்ப்பதற்கு முன் செருப்பைத்தான் பார்த்தார். "வலது குதிகால் சாய்ஞ்சு தேயுது" என்றார். அப்போதே எழுந்து ஓடியிருக்கலாம். விதி யாரை விட்டது?

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இரண்டு டயர் மட்டும் புதிதாகப் போட்டால் அது பின்னால்தான். எல்லாரும் முன்னால் போடச் சொல்வார்கள். இவர் மசியமாட்டார். கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். கல்லாவில் உட்கார்ந்து பார்க்கும் எனக்கு வயிறு எரியும்.

அன்று மதியம் என் தம்பி தன் வெள்ளைக் காரோடு வந்தான். எங்கள் மகளுக்கு மலைமேல் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். கடையை விட்டு வர இவருக்கு மனமில்லை. அதனால் தாய்மாமன் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. பெட்டியோடு அவள் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். காரின் முன்டயர் இரண்டும் சுத்த மொட்டை. பின்டயர்களும் உள்பக்கம் தேய்ந்து, கோடு அழியப்போகும் நிலைமை. அந்த அளவில் எங்களிடம் இரண்டே டயர்தான் இருந்தன.

"மாப்ள, பின்னாடி இருக்குறத முன்னாடி மாத்திட்டு, புதுச பின்னாடி போடுறேன். மெதுவா ஓட்டிட்டுப் போ."

"முன்னாடியே போடுங்க மாமா. ஸ்டீயரிங் அங்கதான இருக்கு?"

"முன்னாடி வழுக்குனா கையிலயே தெரியும், வேகத்தக் குறைச்சுக்குவ. பின்னாடி வழுக்குனா சொல்லாமக் கொள்ளாம வண்டியச் சுத்திவிட்டுரும். மழ வேற வரும்போல இருக்கு."

தம்பிக்கு நாக்கு நீளம். "பெத்த பொண்ணக் கொண்டுபோய் விட நேரமில்ல, பாடம் நடத்த மட்டும் நேரமிருக்கா?"

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். இவர் முகம் கறுத்தது. புது டயர்களை எடுத்து முன்னாலேயே மாட்டி, நட்டுகளை இறுக்கினார். "வர்றேன்ப்பா" என்று மகள் சொன்னதற்கும் தலையை மட்டும் ஆட்டினார். இவர் கத்தினால் நான் பயப்படமாட்டேன். வாயை மூடிக்கொண்டால்தான் பயம்.

கார் போய்க் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையில்லை. எதிர்க்கடையே தெரியவில்லை.

"போன் போடு" என்றார். தம்பி எடுக்கவில்லை. மகளுக்குப் போட்டால் தொடர்பே கிடைக்கவில்லை.

"வீம்புக்குத்தான மாட்டுனீங்க?" என்று கேட்டேன். எங்கள் கார்ச் சாவியை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். கடையைப் பூட்டக்கூட இல்லை.

மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் நான் பள்ளத்தைத்தான் எட்டிப் பார்த்தேன். எங்கேயாவது வெள்ளையாகத் தெரிந்தால் உயிர் போய்த் திரும்பி வந்தது. இவரோ ஊர்ந்து கொண்டிருந்தார்.

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்!"

"வேகமாப் போனா நாமளும் போய்ச் சேர்ந்துருவோம்."

இன்னொரு வளைவு திரும்பியதும் அவன் கார் எங்களைப் பார்த்து நின்றது. மேலே போக வேண்டிய கார், கீழே பார்த்து. பின்பக்கம் மண்மேட்டில் புதைந்திருந்தது. மறுபக்கம் சுற்றியிருந்தால் மேடு இல்லை, பள்ளம்தான். பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

இவர் இறங்கி ஓடினார். காருக்கு அந்தப் புறம் மகள் மண்டியிட்டு, தம்பியின் முழங்கையில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. நான் அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

தம்பி இவரை நிமிர்ந்து பார்த்தான். "பிரேக்கத் தொடக்கூட இல்ல மாமா. யாரோ பின்னாடி பிடிச்சு இழுத்த மாதிரி சுத்திருச்சு. நீங்க சொன்னத நான்தான் கேக்கல. தப்பு என்மேலதான்."

ஜெயித்துவிட்டார், இனி ஆயுசுக்கும் இதைச் சொல்லியே நம்மைக் கொல்வார் என்று நினைத்தேன். அவர் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இல்ல மாப்ள. உனக்கு விவரம் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மாட்டினேன். ஒரு தடவ வழுக்கட்டும், பட்டாத்தான் புத்தி வரும்னு நெனச்சேன்."

மகள் முடிச்சை இறுக்கிவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

"நான் பின்சீட்டுல இருந்தேனேப்பா."

இந்த மனிதர் ஒரு தடவையாவது பதில் தெரியாமல் விழிக்க வேண்டும் என்று எவ்வளவோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். அன்று விழித்தார். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.