டிஸ்ப்ளே வரல

புதுப்பட்டினத்தில் நான் குடியிருந்த மாடி அறைக்கு இரண்டு ஜன்னல். ஒன்று கடலைப் பார்த்தது, இன்னொன்று பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. வீட்டுக்காரர் கடல் ஜன்னலைக் காட்டித்தான் என்னைக் குடிவைத்தார். அதை நான் திறந்ததே கிடையாது. திறந்தால் உப்புக்காற்று உள்ளே வந்து என் கம்ப்யூட்டரைத் தின்றுவிடும். சாத்தி வைத்தும் தின்றது, அது வேறு விஷயம்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் நடந்தது இது. அங்கே ஒரு கான்டிராக்டரிடம் எனக்குக் கட்டடப் பிளான் வரையும் வேலை. அப்பா போனபிறகு அம்மா அக்காவோடு ஓசூருக்குப் போய்விட்டார். காலையில் மெஸ், பகலெல்லாம் ஆபீஸ், சாயங்காலம் மறுபடி அதே மெஸ். "இன்னா சார், இன்னொரு தோச வெக்கவா?" என்று மெஸ்காரர் கேட்பதுதான் சில நாள் என்னிடம் ஒரு மனிதர் கேட்ட ஒரே கேள்வியாக இருக்கும். ஆபீஸில் யாரும் என்னோடு ஒட்டவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சின்ன விஷயத்துக்குக்கூட வள்ளென்று விழுவேன். அவர்கள்மேல் தப்பே கிடையாது.

ஒருத்தன் மட்டும் ஒட்டினான். செங்கல்பட்டில் பாலிடெக்னிக் படித்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்தவன். ஊரப்பாக்கத்தில் அம்மாவோடு இருந்தான். பொத்தேரியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் வேலை. அங்கே காலேஜ் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவர்களின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் முக்கால்வாசி அவன் கைக்குத்தான் வரும். கேம் ஆடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரை நானே சேர்த்துப் பூட்டப்போகிறேன் என்று சொன்னதும், ஒரு நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு சென்னைக்கு ரயில் ஏறினான். ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு, கேபினட் பெட்டி என்று ஆளுக்கு இரண்டு பை. முதுகு பெருத்த பழைய மாடல் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் வந்தேன். எதிர் சீட்டு அம்மா, "புது டிவியா கண்ணு? கல்யாணமா?" என்று கேட்டார். அவன் சிரித்த சிரிப்பு தாம்பரம் தாண்டியும் அடங்கவில்லை.

பூட்டுவதை நானே பூட்டுவேன், நீ கையை வைக்காதே என்று வீறாப்பாகச் சொல்லி அவனை ஊரப்பாக்கத்தில் இறக்கிவிட்டேன். பூட்டியும் முடித்தேன். சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கன்னங்கரேலென்று இருக்கிறது. சிக்னல் இல்லை என்று ஒரு சின்னப் பெட்டி மட்டும் இங்கும் அங்கும் மிதந்தது. மூன்று நாள் எல்லாவற்றையும் கழற்றிக் கழற்றி மாட்டினேன். மேஜையை ஓங்கிக் குத்தியதில் கை வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் மானத்தை விட்டு அவனுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், டிஸ்ப்ளே வரல."

"இரு, ஞாயித்துக்கெழம வரேன்."

ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாக எங்கள் ஊர். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. வந்தான், கேபினட்டின் பின்பக்கம் குனிந்து ஒரே ஒரு தடவை பார்த்தான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அட பாவி! தனியா கார்டு வாங்கிப் போட்டுகினு, வயர எட்த்துனு போயி போர்டுல சொருவிகினு கீற!" கிராபிக்ஸ் கார்டு போட்டால் மானிட்டர் வயர் அந்தக் கார்டில்தான் போகவேண்டும். நான் போர்டிலேயே இருக்கும் ஓட்டையில் செருகியிருந்தேன். வயரை மாற்றினான், படம் வந்தது. எனக்கு வந்த வெட்கத்தில் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் போனேன். வறுத்த மீன் தின்றோம், கல் செதுக்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மணலில் படுத்தோம், இருட்டுகிறதற்குள் திரும்பி வந்து கார் ரேஸ் ஆடினோம். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் அவன் போனான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு அதுவரை அமைந்ததில்லை.

அதற்கப்புறம் கோளாறு என்னைத் தேடி வந்தது. கோடையில் கரண்ட் குறைந்து, திரையில் படம் நாலு பக்கமும் சுருங்கியது, ஸ்டெபிலைசர் கொண்டுவந்தான். ஸ்பீக்கரை மானிட்டரோடு ஒட்டிவைத்து, மூலையில் ஊதா நிறத்தில் தேமல் விழுந்தது. ஸ்பீக்கரைத் தள்ளிவைத்துவிட்டு, என்னை முறைத்துவிட்டு, மீன் தின்னக் கிளம்பினான். ஆயுத பூஜைக்கு நான் செய்ததுதான் உச்சம். ஊரில் எல்லோரும் கேபினட்டின் மேலே சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். நான் பாசம் தாங்காமல் மூடியைத் திறந்து, கிராபிக்ஸ் கார்டுக்கே பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினேன். ஃபேன் சுற்றியதும் குங்குமம் உள்ளெல்லாம் பறந்துவிட்டது. திரை முழுக்கக் கோடு கோடாக, பச்சையும் சிவப்புமாக. "சாமி கும்புட்ட கையோட சாவடிச்சிட்டியேடா!" என்று தலையில் அடித்துக்கொண்டான். ஒரு பெயின்ட் பிரஷ்ஷை வைத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து துடைத்தான். அவன் துடைக்கத் துடைக்க நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்துப் பேச்சு வயிற்றில் அப்படியே சேர்ந்து கிடந்தது.

ஆனால் அடிக்கடி வந்த கோளாறு ரேம்தான். உப்புக்காற்றில் அதன் அடிப்பக்கத் தங்கப் பல் வரிசை மங்கிப்போகும். அப்போது கம்ப்யூட்டர் பீப் பீப்பென்று நீளமாகக் கத்தும், படம் வராது. ரேமைக் கழற்றி, பள்ளிக்கூடத்துப் பென்சில் ரப்பரால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, இரண்டு முனையிலும் அதைப் பிடித்திருக்கும் கிளிப் இரண்டும் டக்கென்று விழுகிற மாதிரி அழுத்தி மாட்டினால் சரியாகிவிடும். அவ்வளவுதான் வித்தை. இரண்டாவது தடவை அவன் செய்ததைப் பார்த்தபோதே எனக்கு வந்துவிட்டது. வந்துவிட்டது என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் அவன் எதற்கு வருவான்! "சும்மா வாடா, ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவனை இரண்டு மணி நேரம் ரயிலும் பஸ்ஸுமாக வரச்சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டாமா? என்னிடம் இருந்த ஒரே காரணம் அதுதான். அதனால் ரேம் தானாகக் கெடாத வாரங்களில், சனிக்கிழமை சாயங்காலம் நானே மூடியைத் திறந்து ஒரு பக்கத்துக் கிளிப்பைத் தட்டிவிட்டு, ரேமை லேசாகத் தூக்கிவைத்து, போன் போட ஆரம்பித்தேன். மச்சான், டிஸ்ப்ளே வரல. அவனும் ஒவ்வொரு தடவையும் வந்தான்.

எத்தனை நாளைக்கு? ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்தவன் கை நின்றது. மூடியின் ஸ்குரு எல்லாம் கையாலேயே கழன்று வந்துவிட்டது. அவன் முடுக்கினால் அப்படிக் கழலாது. உள்ளே, கிளிப் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அவசரத்தில் இரண்டையும் தட்டிவிட்டிருந்தேன். ஒரு பக்கம் தளரலாம். இரண்டும் தானாகத் திறக்காது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அவன் ரேமை அழுத்தினான். டக், டக். படம் வந்தது. பிறகு என் பக்கம் திரும்பாமலேயே, மெதுவாக, "மச்சான், சும்மா வாடான்னு ஒரு போன் போட்ருந்தா வந்துருக்க மாட்டனா? இன்னாத்துக்கு அத போட்டு புடுங்கிகினு கீற?" என்றான்.

அவன் கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்பாகச் சொல்லிவிட்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "யாருடா உன்னை வரச்சொன்னது? நீ இல்லேன்னா என் சிஸ்டம் ஓடாதா? பெரிய இஞ்சினியர்னு நெனப்பு!" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். பாலிடெக்னிக்கில் அவன் பாஸ் பண்ணாமல் விட்ட இரண்டு பேப்பரைக்கூட இழுத்தேன். அவன் ஸ்குரு டிரைவரைப் பையில் போட்டான், சொம்பில் இருந்த தண்ணீரைக் குடித்தான், மூடியின் நாலு ஸ்குருவையும் ஒழுங்காக முடுக்கினான். "வரேன் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். மீன் தின்னப் போகவில்லை.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் போனில்லை. நானும் போடவில்லை, அவனும் போடவில்லை. ரேம் மங்கும், நானே தேய்ப்பேன். படம் பளிச்சென்று வரும். வந்து என்ன செய்ய? இரண்டு பேர் ஆடுகிற ரேஸில் இரண்டாவது கார் கிளம்பின இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். ஆனாலும் போனை எடுத்து நாலு நம்பர் அழுத்தினால், அந்தக் கிளிப் இரண்டும் கண்முன்னால் வாயைப் பிளக்கும். வைத்துவிடுவேன்.

ஒரு வியாழக்கிழமை, ஆபீஸில் இருந்தபோது அவனே கூப்பிட்டான்.

"மச்சான், எப்டி கீற?"

"சொல்லு."

"ஒண்ணுமில்ல, வூட்ல சிஸ்டம் ஆன் ஆவுது, டிஸ்ப்ளே வரல. ஞாயித்துக்கெழம கொஞ்சம் வந்து பாக்கறியா?" என்றான்.

பொத்தேரி ஹாஸ்டலையே கழற்றி மாட்டுகிறவன் என்னிடம் கேட்கிறான்! நக்கல்தான், வேறென்ன? இத்தனை மாதம் கழித்தும் குத்திக்காட்டுகிறான் என்று எனக்கு சுர்ரென்று ஏறியது.

"ரேமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேய். இதுக்கெல்லாம் ஒரு போனா?"

"தேச்சிட்டேன் மச்சான். வரல."

"அப்ப கடையில கொண்டுபோய்க் குடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். சரியான பதில் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்று மெஸ்ஸில் சாப்பாடு ருசியாகக்கூட இருந்தது.

மூன்று வாரம் கழித்துத்தான் அந்த நினைப்பு புளித்தது. அவன் குரலில் நக்கல் இல்லையோ என்று ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஞாயிறு காலையில் ஊரப்பாக்கம் கிளம்பினேன். வெறுங்கையோடு போக அப்போதும் துப்பில்லை எனக்கு. நல்லா இருந்த கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டேன். ரிப்பேர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவன் அம்மாதான் கதவைத் திறந்தார்.

"அவன் துபாய் போயிட்டானேப்பா. வேல கெடச்சி போயிட்டான், பாஞ்சி நாள் ஆவுது. ஒனக்கு சொல்லலியா?"

என் கண் அவர் தோளுக்குப் பின்னால் போனது. மூலையில் அவன் கம்ப்யூட்டர் மேஜை. அதன்மேல் மடித்த துணி அடுக்கியிருந்தது.

"சிஸ்டம் எங்கம்மா? ரிப்பேருக்குக் குடுத்திருக்கானா?"

"ரிப்பேரா? அத தீபாவளிக்கு முன்னயே வித்துட்டாம்பா. இனிமே இன்னாத்துக்குமா எனக்குன்னான்."

தீபாவளி முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"கெளம்பறதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம நீ வருவேன்னு மீனு வாங்கியாந்து வறுக்க சொன்னான். அவன்தான் வரலன்னு சொல்லிட்டானேடா, இன்னாத்துக்கு குந்தினு கீறன்னேன். கோவக்காரம்மா அவன், அப்டித்தான் கத்துவான், ஆனா வந்துடுவான்னான். மூணு மணி வரைக்கும் சோறு துன்னாம வாசலயே பாத்துகினு இருந்தாம்பா."

அந்த மூணு மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பளிச்சென்று படம் வருகிற மானிட்டர் முன்னால் தனியாக ரேஸ் ஆடிக்கொண்டிருந்தேன்.