ஹஸானும் பசானும்

பாரிஸில், லா சப்பலில் நான் முதலில் குடியிருந்த கட்டடத்தின் மாடிப்படி விளக்கு, பொத்தானை அழுத்தினால் சற்று நேரம் எரிந்துவிட்டுத் தானாகவே அணைந்துவிடும். அழுத்துவது யாருடைய கணக்கில் விழுமோ என்ற பயத்தில் நான் அதைத் தொடுவதில்லை. கைப்பிடியைத் தடவித் தடவி இறங்குவேன். குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் மாலை வேலைக்குப் போகும்போது, கீழே அந்தப் பொத்தானுக்கு அருகில் ஒரு கிழவர் இருட்டில் நின்றுகொண்டிருப்பார். கறுப்புத் தொப்பி, நல்ல துணியில் தைத்த பழைய மேலங்கி. கையை நீட்டினால் பொத்தான். அவர் நீட்டமாட்டார். "இன்று மிகவும் இருட்டாக இருக்கிறது, மெசியு" என்பார். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு ஐரோப்பிய வரலாறு படிப்பித்தவன் நான், மரியாதை தெரிந்தவன். "ஆம் மெசியு, குளிர்காலமல்லவா" என்று என்னுடைய புத்தகப் பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டு, அவரை அதே இருட்டில் விட்டுப் போவேன். ஒரு வெள்ளைக்காரர் என்னோடு காலநிலை பேசுகிறார் என்ற பெருமை, இரவு முழுவதும் உணவகத்தில் கோப்பை கழுவும்போதும் என்னோடு இருக்கும்.

என்னோடு அறையில் இருந்த அன்ரன் மன்னார்ப் பெடியன். என் வகுப்பில் ஒருநாளும் இருந்திராதவன், ஆனாலும் என்னை "மாஸ்ரர்" என்றே கூப்பிடுவான். "மாஸ்ரர், கிழவனுக்குக் கரண்டெண்டால் பயம் போலை கிடக்கு. அதுவும் சனிக்கிழமையிலை மட்டும்" என்றான். எனக்குப் பக்கத்து வீட்டுக்காரரைவிட நெப்போலியனைப் பற்றித்தான் அதிகம் தெரியும். ஆகவே அன்ரனின் விளக்கத்தை நானும் ஏற்றுக்கொண்டேன்.

தவக்காலம் தொடங்கிய ஒரு சனி மாலை, கையில் அரிசிப் பையோடு வந்ததால் எனக்காகவே பொத்தானை அழுத்திவிட்டு ஏறினேன். கிழவர் சந்தோஷமாக என் பின்னால் ஏறி வந்தார். என் வாயில் பசான் ஓடிக்கொண்டிருந்தது. கிறிஸ்துவின் பாடுகளை ஒப்பாரிபோலப் பாடுவதை எங்கள் பக்கத்தில் பசான் என்போம். எங்கள் பங்குக் கோவிலில் நான்தான் முதற்குரல். என் பாட்டுக்குக் கோவில் தூணும் அழும் என்று யாரோ சொன்னதை நான் முழுமையாக நம்பியிருந்த காலம். கிழவர் நின்று, "நீங்கள் பாடகரா?" என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். அவர் தன் நெஞ்சைத் தொட்டு, தொண்டையிலிருந்து ஒரு சொல் சொன்னார்: "ஹஸான்." எனக்குக் கேட்டது பசான். எங்கே பிறந்தீர்கள் என்றேன். போலந்து என்றார். அப்போது பாப்பரசரே போலந்துக்காரர். இவரும் கத்தோலிக்கர்தான் என்பதற்கு எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. "நானும் பசான், மெசியு" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் கொஞ்சம் குழம்பினார் என்பது இப்போது தெரிகிறது.

மறுநாள் தேநீருக்கு அழைத்தார். அவருடைய குசினியில், கண்ணை மூடி, மாதா மகனின் உடலை மடியில் வாங்கும் பகுதியை முழுவதுமாகப் பாடினேன். அதில் தாயின் குரல் உச்சிக்கு ஏறி, மகனைக் கொன்றவர்களைப் பெயர்சொல்லி மூன்று தரம் கூப்பிடும்: யூதரே, யூதரே, யூதரே. அந்த இடத்தில்தான் தூண் அழவேண்டும். நான் சுருதி இறங்காமல் நின்று பாடினேன். கண்ணைத் திறந்தபோது அவர் மேசைமேல் விரலால் தாளம் போட்டபடி ஈரக்கண்ணோடு இருந்தார். எழுந்து, உள்ளறைக் கதவைத் திறந்து, சுவரைக் காட்டினார். பழைய கச்சேரி விளம்பரம். உயரமான தொப்பியும் வெள்ளைப் போர்வையுமாக இளவயதில் அவர். கீழே எனக்குப் புரியாத சதுர எழுத்துகள். அதற்கும் கீழே, பிரெஞ்சில், யூதர்களின் தொழுகைக்கூடத்தைக் குறிக்கும் சினகோக் என்ற ஒரு சொல்.

உலகப் போரை எத்தனையோ தரம் படிப்பித்தவன் நான். யூதர்களின் அழிவு பாடக்குறிப்பில் ஒரு பந்தி. அதை மாணவருக்கு மனப்பாடம் செய்வித்திருக்கிறேன். ஆனால் யூதர் என்றதும் என் மனதில் வருவது, எங்கள் பங்கின் திருப்பாடுகள் நாடகத்தில் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு கத்தும் ஆட்கள்தான். அந்தத் தாடிகளைத் தெரிவுசெய்தவனும் நான்.

"பாட்டின் பொருள் என்ன?" என்று கேட்டார்.

"ஒரு தாய் அழுகிறாள்" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், மெசியு."

அதன்பிறகு ஞாயிறுதோறும் போனேன். பாடச் சொல்வார், பியானோவில் தேடுவார், எழுதுவார். இடையிடையே அவர் கதை வரும். பெயர் மெசியு மென்டெல். தொழுகைக்கூடத்தில் எல்லோருக்காகவும் முன்னின்று பாடுகிறவரை அவர்கள் ஹஸான் என்கிறார்கள், தகப்பனும் ஹஸான். சனிக்கிழமை அவர்களின் ஓய்வுநாள், விளக்குப் பொத்தானை அழுத்தவும் கூடாது, அழுத்தச் சொல்லி நேராகக் கேட்கவும் கூடாதாம். சிறுவயதில் தகப்பனின் தொழுகைப் போர்வைக்குள் நின்று பாடியவர், பெர்லினில் இசை படித்து, பாரிஸ் வந்து பெயரெடுத்தார். இசைத்தட்டுகள் வந்தன. அமெரிக்காவுக்குக் கூப்பிட்டார்கள். ஒபராக்காரர்களும் கூப்பிட்டார்கள், மேலேயிருந்து தன் பாட்டைக் கேட்பவர் அங்கே வரமாட்டார் என்று மறுத்துவிட்டாராம். என்னை ஒரு கலியாண மண்டபத்துக்குக் கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பேன். அவர் இசையமைத்த வழிபாட்டுப் பாடல்களைப் பல நாடுகளில் இன்றும் பாடுகிறார்கள். "பாடுகிறவர்கள் நான் செத்துவிட்டேன் என்று நினைக்கிறார்கள், அதனால் மரியாதையாகப் பாடுகிறார்கள்" என்று சிரிப்பார். போரின்போது அவர் தெற்கே ஒரு திருமணத்தில் பாடப் போயிருந்த சமயம், மனைவி ரிவ்காவை இந்த வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு விவசாயியின் வைக்கோற் கொட்டிலில், சத்தமில்லாமல் உதடுகளால் மட்டும் பாடி, அவர் தப்பினார். பிறகு எல்லோருடைய இறந்தவர்களுக்கும் இசை எழுதினார். ரிவ்காவுக்கு மட்டும் எழுதவில்லை. வீடும் மாறவில்லை. அவளுக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான் என்றார்.

இப்போது ரிவ்காவுக்கு எழுதிக்கொண்டிருந்தார், என் மெட்டில். இலையுதிர்காலத்தில் வரும் அவர்களுடைய பெரிய நோன்பு நாளில், இறந்தவர்களை நினைக்கும் வேளையில், தன் பழைய கூடத்தில் கடைசித் தடவையாகத் தானே பாடப்போவதாகச் சொன்னார்.

அன்ரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சோற்றுக்கோப்பையை வைத்துவிட்டான். "அவையின்ரை கோயிலிலை, எங்கடை பெரிய வெள்ளிப் பாட்டோ? மாஸ்ரர், அந்தாளுக்கு முதலே சொல்லிப்போடுங்கோ. பிறகு ஆரும் சொல்லி அறிஞ்சால் அந்த மனிசன் தாங்காது."

"வாற ஞாயிறு சொல்லுறன்" என்றேன். கோடை முழுவதும் ஞாயிறுகள் வந்தன. ஒரு பெரிய இசைமேதை என் மெட்டை விரும்புகிறார் என்பதை இழக்க எனக்கு மனமில்லை. வேறு காரணங்களும் சொல்லலாம். ஆனால் உண்மை இதுதான்.

நோன்பு நாளில், இரவல் வட்டத்தொப்பி தலையிலிருந்து வழுக்க, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் குரல் பழசாகியிருந்தது; ஆனால் உச்சியில் இன்னும் இருந்தது. மெட்டு தொடங்கியதும் என் தலைக்குள் தமிழும் தொடங்கிவிட்டது. நிறுத்த முடியவில்லை. அந்த இடம் வந்தது. நான் மூன்று தரம் கூப்பிட்ட அதே சுரத்தில், அவர் மூன்று தரம் கூப்பிட்டார்: ரிவ்கா, ரிவ்கா, ரிவ்கா. கூடம் முழுவதும் அழுதது. நான் அழவில்லை, தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது, "மெசியு, அந்தப் பாட்டில்" என்று தொடங்கினேன். அதற்குமேல் பிரெஞ்சு வரவில்லை.

அவர், "உங்களுக்குச் சிங்களம் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"உங்களை அடிக்க வருகிறவர்கள் கத்தும்போது ஒரு சொல்லாவது புரியுமல்லவா?"

புரியும். தெமள. தமிழன் என்பதற்கு அவர்களின் சொல். எந்த இரைச்சலிலும் அது என் காதில் தனியாக விழும். கொழும்பில் விழுந்திருக்கிறது.

"நான் போலந்தில் பிறந்தவன், பெர்லினில் படித்தவன்" என்றார். "அங்கே எங்களை யூடே என்று கத்துவார்கள். உங்கள் பாட்டில் அதை முதல் நாளே கேட்டேன். மூன்று தரம்."

"பிறகு ஏன்?"

"மெட்டு நல்ல மெட்டு. அந்தச் சொல் இருக்கும் இடத்தில் அவள் இருக்கட்டும் என்று நினைத்தேன்." கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, "அவ்வளவுதானா என்று உங்களைக் கேட்டேன், மெசியு" என்றார். குரலில் கோபமில்லை. கோபமாக இருந்திருக்கலாம்.

அந்தக் குளிர்காலத்திலேயே அவர் காலமாகிவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டேனா என்று அன்ரன் கேட்டான். கேட்பதற்குச் சரியான பிரெஞ்சு வாக்கியத்தை அகராதி பார்த்து அமைத்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த பெரிய வெள்ளியன்று எங்கள் தமிழ்ச் சனம் கூடும் கோவிலில், வழக்கம்போல என்னைப் பாட நிறுத்தினார்கள். அந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறு சொல் போடலாம் என்று வீட்டில் ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன். குரல் உச்சிக்கு ஏறியது. ஒத்திகை பார்த்த சொல் வரவில்லை. ரிவ்கா என்று வாய்க்குள் வந்து நின்றது. அதை அந்த மேடையில் சொல்ல எனக்கு என்ன உரிமை? சொல்லில்லாமல், ஆ என்ற வெறும் ஓசையில் நின்றேன். கிழடு தட்டிவிட்டது, மாஸ்ரர் பாட்டை மறந்துவிட்டார் என்று எண்ணிப் பின்பாட்டுக்காரர் ஒருவர் பரிவோடு, மெல்ல, அடி எடுத்துக்கொடுத்தார்: "யூதரே." நான் கேளாததுபோல நின்றேன். இன்னும் கொஞ்சம் உரக்க எடுத்துக்கொடுத்தார். சனம் காத்திருந்தது. நான் அந்த உச்சியை விட்டு இறங்காமல், எந்தச் சொல்லையும் வாங்காமல், மூச்சு முடியும்வரை இழுத்துக்கொண்டே நின்றேன்.