தவக்காலத்தில் காய்ச்சிய பீர்

இந்த ஊரில் பக்கத்து வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று யாரும் காது கொடுப்பதில்லை. ஆனால் என்ன சமைக்கிறார்கள் என்பது தாழ்வாரம் முழுக்கத் தெரிந்துவிடும். சிங்கப்பூரின் செங்காங்கில், எங்கள் அடுக்குமாடித் தளத்தில், ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்று மூக்கை உறிஞ்சினார். முகமெல்லாம் சிரிப்பு. "போரிட்ஜ் ஆ? யுவர் ஹவுஸ் காட் பேபி?" என்று கேட்டார். எனக்கு வயது நாற்பத்தாறு. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது முளைகட்டிக் காயவைத்த பார்லியின் சாறு. சத்துமாவுக் கஞ்சியின் மணம் அப்படியே வரும். இன்னும் சில வாரங்களில் அது பீராகிவிடும் என்று, வருடம் தவறாமல் நோன்பு பிடிக்கிற அந்தப் பெண்மணியிடம் எந்த வாயால் சொல்வது? "யெஸ், போரிட்ஜ்" என்று தலையாட்டி வைத்தேன். மறுநாள் எங்கள் கேட்டில் ஒரு பை தொங்கியது. உள்ளே குழந்தைகளுக்கான பிஸ்கட். பிறக்காத அந்தக் குழந்தையின் பிஸ்கட்டை நானும் என் கணவர் சேவியரும் தேநீரில் தோய்த்துத் தின்று தீர்த்தோம்.

என் பெயர் ஜெசிந்தா. சொந்த ஊர் திண்டுக்கல். சாங்கி விமான நிலையத்தில் ஒரு கார்கோ அலுவலகத்தில் பெட்டிகளோடு வரும் தாள்களைச் சரிபார்க்கிற வேலை. பக்கத்து மேசையில் கெல்வின் என்ற சீன இளைஞன். அவன் வீடு மாறியபோது தன் பீர் காய்ச்சும் சாமான்களை யார் தலையிலாவது கட்டிவிடப் பார்த்தான். கடைசியில் என் தலை அகப்பட்டது. வேண்டாம் என்றதற்கு, "யூ மேக் தோசை, ரைட்? சேம் லா. மிக்ஸ், வெயிட், பபிள்ஸ் கம் அவுட்" என்றான். இத்தனை வருடம் தோசைமாவு புளிக்க வைத்தவளுக்கு அந்தச் சொல் உறைத்துவிட்டது. சேவியர் சிரித்தார். "சாம்பாரையே ரெண்டு நாள் ஒரே மாதிரி வைக்க மாட்ட, நீ பீர் காய்ச்சப் போறியா?" அந்த வீம்பில்தான் ஆரம்பித்தேன்.

முதல் தடவை வந்தது சுத்தமான காடி. ஊறுகாய்க்குக்கூட ஆகாது. இரண்டாவது தடவை பாட்டிலில் சர்க்கரை கொஞ்சம் கூடிப்போய், மூடியைத் திறந்ததும் பாதி பீர் மேலே சீறிப் போய் விட்டத்தில் ஒட்டியது. ஏணி போட்டுத் துடைத்தேன். அடுத்ததில் ஈரத்துணி வாடை. பிறகுதான் புரிந்தது, இந்த ஊர் வெக்கைதான் சத்துரு. ஈஸ்ட் குளுமை கேட்கிறது. சிங்கப்பூரோ வருடம் முழுக்க வேர்க்கிறது. வாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, ஈரத்துண்டு சுற்றி, காலையும் மாலையும் ஐஸ் பாட்டில் மாற்றினேன், காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நெற்றியில் துணி போடுவதுபோல. அதற்குப் பிறகு ஒரு நாள், ரொட்டி சுட்ட மணத்தோடு, தேன் நிறத்தில், மேலே வெள்ளை நுரையோடு ஒரு கண்ணாடித் தம்ளர் நிறைய வந்தது. அடி ஆத்தி, நானா செய்தேன்! சேவியர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரை நீட்டினார், இன்னும் ஊற்றச் சொல்லி. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் எனக்குக் கொடுத்த பெரிய பாராட்டு அதுதான்.

சட்டப்படி இதில் குற்றம் ஒன்றுமில்லை. வீட்டில் குடிக்க, அளவோடு, விற்காமல் காய்ச்சிக்கொள்ளலாம். சட்டம் விட்டுவிடும், நம் ஆட்கள் விடுவார்களா? ஊரில் எங்கள் அத்தை ஒவ்வொரு வருடமும் கறுப்பு திராட்சையைப் பிசைந்து, பீங்கான் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார். கிறிஸ்மஸ் அன்று பங்குச் சாமியாரே இரண்டாவது தம்ளர் கேட்டு வாங்கிக் குடிப்பார். அதை யாரும் மது என்று சொன்னதில்லை. அது 'வைன்'. பெண்கள் பக்குவம் பேசுவார்கள், பெருமைப்படுவார்கள். அதே அத்தை, பீர் பாட்டிலோடு எதிரே வருபவனைக் கண்டால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தெருவின் அடுத்த ஓரத்துக்குப் போய்விடுவார். இரண்டும் புளித்துத்தான் வருகின்றன என்று என் புத்திக்குத் தெரியும். ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தம்ளர் பீரோடு உட்காரும்போது, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் உட்காருவேன். பத்தாவது மாடியில் யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்? வெட்கம் மாடி ஏறி வராதா என்ன.

நான் பயந்தது அன்பியத்துக்குத்தான். எங்கள் கோவில் பங்கில் அந்தந்தப் பகுதிக் குடும்பங்கள் சேர்ந்து, வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற குழு அது. இந்த ஊரில் எனக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அந்தச் சில வீடுகள்தான். யார் வீட்டில் பிரசவம், ஆபரேஷன், வேலை போனது என்றாலும் அவர்கள்தான் சோறு கொண்டுவந்தார்கள். தலைவி ரெஜினா அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவர் சொன்னால் சாமியாரே மறுக்கமாட்டார். இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின இரவுப் பூசையான திருவிழிப்பில் முதல் வாசகம், உலகம் படைக்கப்பட்ட அந்த நீண்ட வாசகம், எனக்கு என்று அவர்தான் பேர் கொடுத்திருந்தார். கோவில் பூசையை இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள். திண்டுக்கல்லில் அம்மா தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டு டிவியில் என்னைப் பார்க்கப்போகிறார்களாம். தினமும் சமையலறையில் கரண்டியை மைக்காகப் பிடித்து வாசித்துப் பழகினேன்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியதும் பீர் குடிப்பதை விட்டேன். ஒறுத்தல் என்றால் பிடித்ததை விடுவதுதானே. ஆனால் காய்ச்சுவதை விடவில்லை. இப்போது காய்ச்சினால்தான் ஈஸ்டருக்குப் பக்குவமாகும் என்று கணக்குப் போட்டேன். குடித்தால்தானே பாவம், கொதிக்க வைத்தால் என்ன பாவம்? ஐரோப்பாவில் சாமியார் மடங்களிலேயே காய்ச்சினார்களாம் என்று சேவியரிடம் வக்காலத்து வேறு வாங்கினேன். "அவங்க அன்பியத்துக்கு போகலடி" என்றார் மனிதர்.

ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை ஜெபம் நடக்க வேண்டிய வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். மத்தியானம் ரெஜினா அக்கா போன் செய்தார். "சிஸ்டர், இன்னைக்கு உங்க வீட்டுல வெச்சிக்கலாம்லா? நீங்க ஒண்ணும் குக் பண்ண வேணாம், கஞ்சி நாங்க கொண்டாந்துடுவோம்." ஜெபத்துக்கு வீடு இல்லை என்று எந்தக் கிறிஸ்தவச்சி சொல்வாள்? அலுவலகத்திலிருந்து ஓடிவந்தேன். வாளியை எங்கே கொண்டு போவது? நுரைத்துக்கொண்டிருப்பதை அசைக்கவும் கூடாது. எங்கள் அடுக்குமாடி வீடுகளில் குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள இரும்புக் கதவோடு ஒரு சின்ன அறை இருக்கும், பாம் ஷெல்டர் என்போம். வாளி அங்கேதான் இருந்தது. கதவைச் சாத்தி, பக்கத்தில் சாம்பிராணி வேறு கொளுத்தி வைத்தேன்.

எல்லாரும் முழந்தாளிட்டார்கள். இயேசு சிலுவையில் உயிர்விடும் இடம் வந்தது. அங்கே கொஞ்ச நேரம் மௌனமாக இருப்பது வழக்கம். அந்த மௌனத்தில், 'ப்ளுக்'. வாளி மூடியின் குழாய்க்குள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேறும் சத்தம். மற்ற நேரம் அதைக் கேட்டால் எனக்குத் தாலாட்டுப் போல இருக்கும். மறுபடியும், 'ப்ளுக், ப்ளுக்'. ஒருவர் கழிப்பறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சேவியர் திடீரென்று, யாரும் எதிர்பாராமல், உச்சக்குரலில் பாட்டை எடுத்தார்.

ஜெபம் முடிந்ததும் ரெஜினா அக்கா, "என்ன சத்தம் சிஸ்டர், பைப் லீக்கா?" என்றார். ஆமாம் என்றிருந்தால் முடிந்தது கதை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "வைன் போட்டிருக்கேன் அக்கா. கிறிஸ்மஸுக்கு."

"கிறிஸ்மஸுக்கு இப்பவேவா?"

"பழசானா ருசி கூடும்ல அக்கா."

எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். ஊர்ப் பக்குவம் மறக்கவில்லை பாருங்கள் என்று ஒருவர் புகழ்ந்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. கஞ்சி ஊற்ற அடுப்படிக்குப் போனேன். கூடத்தில் நாற்காலி போதவில்லை. ரெஜினா அக்கா உதவி செய்கிற மனுஷி. என்னைக் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை. இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் பிளாஸ்டிக் முக்காலிகள் இருக்கும் இடம் ஒன்றுதான். நான் கரண்டியோடு ஓடி வருவதற்குள் இரும்புக் கதவு திறந்துவிட்டது.

முக்காலிகள் மேலே வாளி. வாளி மேலே சேவியர் கையெழுத்தில் ஒரு தாள்: 'ஈஸ்டர் பீர். தொடாதே.' அந்தத் தாள்கூடத் தேவையில்லை. அக்கா மூச்சை இழுத்த விதத்திலேயே தெரிந்தது. அவருடைய தம்பி குடியினால் வேலையையும் குடும்பத்தையும் தொலைத்தவர். அந்தத் தம்பிக்காகத்தான் வாரா வாரம் அன்பியத்தில் மன்றாடுவோம். அந்த வாடையை அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அக்கா, இது சும்மா ஹாபி" என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "எப்பலேந்து சிஸ்டர்?"

"ரெண்டு மூணு வருஷமா. நான் குடிகாரி இல்லக்கா. வாரத்துக்கு ஒரு தம்ளர். இப்ப தவக்காலம், அதுவும் இல்ல."

"என் தம்பியும் இப்படித்தான் சொல்வான்லா" என்றார். அன்றைக்குக் கஞ்சியை எல்லாரும் நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மன்றாட்டு நேரத்தில் ரெஜினா அக்கா கண்ணை மூடி, உருக்கமாக, "குடிநோயின் பிடியில் இருக்கும் எங்கள் சகோதரி ஜெசிந்தாவுக்காக" என்றார். எல்லாரும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். நானும் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் திருந்த மனமில்லை என்று ஆகிவிடாதா? என் பக்கத்தில் இருந்த என் கணவர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார், பாவி. கலையும்போது அக்கா என்னைத் தனியே அழைத்து, "இந்த வருஷம் ரீடிங்க வேற யாராச்சும் பாத்துக்கட்டும். நீங்க ரெஸ்ட் எடுங்க, ஆ?" என்றார். அதட்டவில்லை, ஒதுக்கவில்லை. வயிற்றில் கத்தியை இறக்கிவிட்டு முதுகைத் தடவிக் கொடுத்த மாதிரி இருந்தது. என் அவமானத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று கெல்வினிடம் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பட் யுவர் பீப்பிள் ஆல்சோ ட்ரிங்க் வாட்! லிட்டில் இந்தியா சண்டே, ஸோ மெனி!" என்றவன், அடுத்த மூச்சில், கறிவேப்பிலை போட்டு ஒரு பீர் காய்ச்சு, அது உங்கள் பாரம்பரியம், போட்டிக்கு அனுப்பலாம் என்றான். எந்த ஊர்ப் பாரம்பரியமடா அது என்று கேட்கத் தெம்பில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் பக்கம் காய்கறி வாங்கப் போனபோது கெல்வின் சொன்னது காதிலேயே இருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள், கப்பல் பட்டறையிலும் கட்டட வேலையிலும் வாரமெல்லாம் வெந்தவர்கள், புல்தரையில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பகுதியில் வார இறுதியில் பொது இடத்தில் குடிக்கத் தடை. கையில் குளிர்பானம்தான். என்றாலும் இத்தனை வருடமும் அவர்களைக் கடக்கும்போது நான் பையை இழுத்து அணைத்துக்கொண்டு வேகமாகத்தான் நடந்திருக்கிறேன். குடிகாரக் கும்பல் என்று மனதுக்குள் ஒரு முத்திரை. வீட்டில் வாளி நிறைய வைத்திருந்தவள் நான். அன்றைக்கு ஒருவன் நகர்ந்து, "போங்கக்கா" என்று வழிவிட்டான். நான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை.

வீட்டுக்கு வந்து பையை வைப்பதற்குள் அம்மாவின் வீடியோ அழைப்பு. வழக்கம்போல் நெற்றியும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. மானம் கப்பலேறிவிட்டது என்பார்கள். என்னுடையது வாட்ஸ்அப்பிலேயே போய்விட்டது. அன்பியத்தில் யாருக்கோ திண்டுக்கல்லில் ஒரு நாத்தனார், நாத்தனாருக்கு எங்கள் தெருவில் ஒரு சிநேகிதி.

"அதான் வாசகம் குடுக்கலையா?" என்றாள் அம்மா.

"அம்மா, நான் சொல்றத கேளு."

"இன்னைக்கு உன் பேருல பூசை குடுத்தேன். குடியிலேருந்து மீட்கணும்னு சாமியார் மைக்குல வாசிச்சாரு. கோயிலே திரும்பிப் பாத்துச்சு. பாக்கட்டும். என் புள்ள பொழச்சா போதும்."

தெருவில் தலை நிமிர்ந்து நடப்பதற்காகவே உயிர் வாழ்ந்த மனுஷி அவள். அந்தத் தலையை அவளே, என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, நடுக்கோவிலில் குனிய வைத்திருக்கிறாள். நான் தொட்டே ஒரு மாதம் ஆகிறது, இது சாராயமில்லை, கைவேலை மாதிரி, கேக் செய்வது மாதிரி என்று என்னென்னவோ உளறினேன். அம்மா ஒன்றையும் காதில் வாங்கவில்லை.

"ஊதுடி" என்றாள்.

அப்பா வேலை முடிந்து வந்தால் வாசற்படியிலேயே நிறுத்தி இப்படித்தான் சொல்வாள். அப்பா ஊதுவார். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வாள். ஊதச் சொன்னால் ஊதியாக வேண்டும், அவ்வளவுதான். எத்தனை பேச்சு பேசினாலும் மூக்குதான் சாட்சி. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. நெற்றி மறைந்து, திரை முழுக்க அவளுடைய மூக்கு வந்து நின்றது, சின்ன மூக்குத்தியோடு.

ஊதினேன். போன் கண்ணாடியில் ஆவி படர்ந்து அம்மாவின் முகம் மறைந்துபோனது. அந்தப் பக்கம் அவள் மூச்சை ஆழ இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒண்ணும் தெரியலையேடி" என்றாள். அழுகிறாள் என்று குரலில் தெரிந்தது. "இன்னும் கிட்ட வந்து ஊது."

போனை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஊதினேன்.