புரட்டாசியில் ஒரு நாசி லெமாக்

மாமல்லபுரம் போகிற ஈ.சி.ஆர். ஓரத்தில் மலேசியச் சாப்பாட்டுக் கடை ஒன்று புதிதாக வந்திருக்கிறது. வாசல் பலகையில் முதல் பெயரே நாசி லெமாக்தான், அந்த ஊர்த் தேங்காய்ப்பால் சோறு. மூன்று முறை வண்டியை நிறுத்தினேன். மூன்று முறையும் உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். பசி இல்லாமல் இல்லை. சின்ன வயதில் அந்தச் சோற்றைப் பார்த்து நான் சொன்ன ஒரு சொல் இன்னும் ஜீரணமாகவில்லை, அவ்வளவுதான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா மலேசியாவில், பினாங்கில் ஒரு சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார். அம்மாவுக்குச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கழுத்தில் தொங்கும் சாவியால் பூட்டைத் திறந்து, முதல் வேலையாக டிவியைச் சத்தமாக வைப்பேன். பார்க்க அல்ல. வீட்டில் ஆள் குரல் கேட்க வேண்டுமே, அதற்கு.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பதினைந்து நாள் லீவில் வருகிற அப்பாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பேசத்தான் வராது. போனில் "இன்னா பாப்பா, சாப்ட்டியா?" என்பார். "ம்" என்பேன். நேரில் வந்து நின்றாலும் அதே "ம்"தான். "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்று அம்மா என் தலையில் குட்டுவாள்.

அந்த முறை அப்பா ஒரு திட்டத்தோடு வந்திருந்தார். மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், ஒரு லோடு ஆட்டோ வைத்திருந்தார். அதையே கடையாக மாற்றி மாமல்லபுரத்தில் நிறுத்துவது, பினாங்கில் கற்றதை இங்கே விற்பது, திரும்பிப் போகாமல் எங்களோடு இருந்துவிடுவது. அதற்கு முன்னால் எங்களுக்கே ஒருநாள் சமைத்துப் போட்டு, நம்ம ஊர் நாக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது. அவர் அம்மாவிடம் சொன்னது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும்: "பாப்பா ரெண்டு வாய் ஆசையா துன்னா போதும். டிக்கெட்ட கிழிச்சிப் போட்டுர்றேன்."

நானும் சும்மா இருக்கவில்லை. அப்பா திரும்பிப் போகக் கூடாது என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டு, புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடுவதில்லை என்று விரதம் எடுத்திருந்தேன். எங்கள் பக்கம் புரட்டாசி பிறந்தால் கறிக்கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருப்பார். ஆகவே என் விரதம் யார் கண்ணிலும் படவில்லை. நானும் சொல்லவில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெரிய மனுஷி எனக்குச் சொல்லியிருந்தாள்.

அப்பா வந்த நாலாம் நாள், சனிக்கிழமை. விடியும்போது வறுபடும் வாசனையில் எழுந்தேன். நெத்திலிக் கருவாடு! புரட்டாசி சனிக்கிழமையில்! அம்மா நைட் ஷிஃப்ட் போயிருந்தாள். அப்பா தரையில் உட்கார்ந்து, வாட்டிய வாழையிலையில் தேங்காய்ப்பால் சாதம் வைத்து, அதன்மேல் சிவக்கச் சிவக்க சம்பல் என்கிற மிளகாய் விழுதை ஊற்றி, நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, பாதி முட்டை எல்லாம் வைத்துக் கூம்பு கூம்பாக மடித்துக்கொண்டிருந்தார். என்ன வேகம் அந்தக் கைக்கு! வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"வாசன எப்டி கீது பாப்பா?" என்றார்.

சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் வந்து நாலே நாளான மனிதரிடம் 'நீங்கள் செய்வது தப்பு' என்று எப்படிச் சொல்வது? "ம்" என்றேன். அம்மாவிடம் அவர் தேங்காய்ப்பால் சாதம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். அவளும் சைவம்தான் என்று நிம்மதியாக இருந்துவிட்டாள்.

மாமாவின் லோடு ஆட்டோவில் கிளம்பி, கம்பெனி வண்டியிலிருந்து இறங்கிய அம்மாவையும் வழியில் ஏற்றிக்கொண்டு, மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மணலில் போர்வையை விரித்து அப்பா ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார். மாமா பிரித்தார், பிரித்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"இன்னா மச்சான் இது? பொரட்டாசி சனிக்கெழம அதுவுமா கருவாடு? நான் நாமத்த போட்டுகினு குந்திகினு கீறேன்!"

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பாவமாக இருந்தது. "அங்க தமிழ் மாசம் எதுவும் ஞாபகத்துல நிக்கிறதில்ல மச்சான்" என்றார். அம்மா பொட்டலத்தை மெல்ல மூடி மடியில் வைத்துக்கொண்டாள். சோற்றை மட்டுமாவது சாப்பிடலாம் என்றால் கருவாடு கலந்த சம்பல் அடிவரை ஊறியிருந்தது.

"சரி, பாப்பா துன்னும். கொழந்தைக்கு இன்னா விரதம்?" என்று அப்பாவே ஒரு வாய் பிசைந்து என்னிடம் நீட்டினார்.

"ஆமா, சாமி கோச்சிக்காது, துன்னு" என்றார் மாமா. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "ஒரு வாய் வாங்கிக்கடி!"

வாங்கினால் விரதம் போச்சு, அப்பா போய்விடுவார். வேண்டாம் என்பதற்குக் காரணம் சொன்னாலும் வேண்டுதல் போச்சு. அப்பாவின் கை அப்படியே நின்றது.

"காரம் இல்ல பாப்பா."

"வாணாம். நாத்தம் அடிக்குது."

அந்த விடுமுறையில் நான் அவரிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

அப்பா சிரித்தார். அந்த வாயை அவரும் சாப்பிடவில்லை. இலையிலேயே வைத்து மடித்தார். மாமா, "ஐப்பசி பொறக்கட்டும் மச்சான், ஒரு கை பாக்கலாம்" என்றார். லீவு அதற்குள் முடிந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். "பாக்கலாம்" என்றார் அப்பா.

பொட்டலங்களைச் சிப்பி மணிமாலை விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் கொடுத்தார். வேதக்காரர் போல, கழுத்தில் சிலுவை தொங்கியது. அங்கேயே உட்கார்ந்து இரண்டு பொட்டலத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு, "சூப்பரா கீது அண்ணாத்த! கட எங்க போட்டுகிறீங்க?" என்று கேட்டார்.

"போடல" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு லோடு ஆட்டோவைப் பற்றி யாரும் பேசவில்லை. புரட்டாசி முடிவதற்கு முன்பே அப்பா விமானம் ஏறினார். அதன்பின் பதினோரு வருஷம் அங்கேதான் இருந்தார்.

அவர் போன சாயங்காலம் பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போனேன். டிவி போடவில்லை. விரதத்தில் எங்கே பிசகியது என்று உட்கார்ந்து யோசித்தேன். முதல் வாரம் பள்ளிக்கூடத்தில் தோழி கொடுத்த பப்ஸில் முட்டை இருந்திருக்குமோ? அதுதான், சந்தேகமே இல்லை. அடுத்த வருஷம் பப்ஸையும் விட்டுவிட்டு இன்னும் கெட்டியாக விரதம் இருந்தேன். அப்பா வரவில்லை. பெருமாள்மேல் எனக்கு அப்படியொரு கோபம். அவரிடம் வேண்டியதை, பக்கத்தில் சோற்றோடு கையை நீட்டிக்கொண்டிருந்தவரிடமே சொல்லியிருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.