ஆணியில் தொங்கிய கேபிள்

உயிருக்கு ஆபத்து என்று ஒரு நிலையம் அழைத்தால், அதைக் கேட்கிற எந்த நிலையமும் தன் பேச்சை நிறுத்திவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். அழைத்தவருக்கு உரிமம் உண்டா, விதித்த முறைப்படி அழைத்தாரா என்பதெல்லாம் பிறகு. அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதுகிறவர்கள் யார் என்னிடம் வந்தாலும் நான் முதலில் சொல்கிற விதி இதுதான். கேள்வித்தாளில் கட்டாயம் வரும், விட்டுவிடாதீர்கள் என்பேன்.

நான் ஓய்வுபெற்ற அரசு அலுவலகக் கண்காணிப்பாளர். ஒரு மனுவை எத்தனை விதமாக நிறுத்திவைக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அவற்றில் இரண்டு மூன்று என் சொந்தக் கண்டுபிடிப்பு. அலுவலகத்துக்கு வெளியே எனக்கிருந்த ஒரே பழக்கம் ரேடியோ. பாளையங்கோட்டை வீட்டு மொட்டைமாடியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு செம்புக்கம்பி, கீழே அறையில் ஒரு பெட்டி. தினமும் காலை ஆறரைக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே அலைவரிசையில் கூடுவோம். வருகை எடுப்பவன் நான். அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கிற அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிடுவேன். அவர்கள் பதில் சொல்லிவிட்டு மழை, நெல், மூட்டுவலி என்று இரண்டு நிமிடம் பேசுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கிறுக்குத்தனம்; உள்ளேயிருந்து பார்த்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

அந்தப் பட்டியலில் நாற்பது வருடமாக இருந்தவர் அம்பாசமுத்திரத்து நண்பர். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். கழித்துப்போட்ட ரேடியோக்களின் வயிற்றைப் பிரித்து, தன் முதல் டிரான்ஸ்மிட்டரைத் தானே கட்டியவர். நல்ல கனமான குரல். ஐந்து வருடத்துக்கு முன் தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. அதன்பிறகு மனிதர்களோடு பேச ஒரு நோட்டுப் புத்தகம். அவர் எழுதி முடிக்கும்வரை எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு பொறுமை வந்து உட்காருமே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ரேடியோவில் அந்தச் சங்கடம் இல்லை. நாங்கள் வாயால் பேசுவோம். அவர் 'கீ' என்கிற சின்ன விசையை அழுத்தி மோர்ஸில், புள்ளியும் கோடுமாக, தட்டுவார். மற்றவர்களுக்கு நான் படித்துச் சொல்வேன். களக்காட்டில் வாழை போட்டிருக்கிற ஒரு நண்பருக்கு ஒருநாள் ஜலதோஷம், குரல் கம்மிவிட்டது. உடனே அம்பாசமுத்திரம் தட்டியது: "எதுக்குவே கஷ்டப்படுதீரு? என்னை மாதிரி கழுத்துல ஒரு ஓட்டை போட்டுக்கிடும்." களக்காட்டுக்காரர் இருமி இருமிச் சிரித்தார். பின்னேரங்களில் அவர் கடல்தாண்டி எங்கெங்கோ பேசுவார். அங்கே எவருக்கும் அவருக்குக் குரல் இல்லை என்பதே தெரியாது.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொருவர் தட்டுவதற்கும் ஒரு நடை உண்டு. எங்களுக்குள் அதைக் 'கை' என்போம். அழைப்புக்குறியைச் சொல்லாவிட்டாலும் கையை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அவர் கையில் கோடுகள் கொஞ்சம் நீளம், டெப்போ பஸ் மேட்டில் ஏறுகிற மாதிரி. எந்தக் கூட்டத்திலும் எனக்கு அது தெரியும். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

போன ஆனியில் அவருடைய உரிமம் காலாவதியானது. அதற்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தோம். விண்ணப்பம் என் கைவண்ணம்; ஒரு கட்டம் காலியாக விடவில்லை, ஒரு இணைப்பு குறையவில்லை. இணையதளத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. அந்த வார்த்தையை நானே எத்தனை கோப்புகளின்மேல் எழுதியிருக்கிறேன்! பரிசீலனை என்றால் மேசையின் இடது ஓரம்.

காலாவதியான அன்று அம்பாசமுத்திரம் போனேன். அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார்: "விண்ணப்பம் கொடுத்தாச்சுல்லா. பெறகு என்னவே?"

"விண்ணப்பம் உரிமம் ஆகாதுவே."

"எல்லாவனும் இப்படித்தானே ஓட்டுதான்."

"எல்லாவனும் செய்யுதான்னு நீரும் செய்வீரா? ஒரு புகார் போச்சுன்னா புதுப்பிக்கவே மாட்டான். ஆயுசுக்கும் போச்சு."

அவர் நிதானமாக எழுதினார். "யாரு ஆயுசுக்கு? எனக்கா, அவனுக்கா?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் சிரிப்பில் சத்தம் இருக்காது, தோள் மட்டும் குலுங்கும். டிரான்ஸ்மிட்டரின் பின்னால் இருந்த ஆன்டெனா கேபிளை நானே திருகிக் கழற்றி, காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் தொங்கவிட்டேன். கேட்பதற்கு வேறு பெட்டி இருந்தது. கேட்க எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை என்று சொல்லிவைத்தேன், சலுகை கொடுக்கிறவன் மாதிரி.

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி கேபிளையும் என்னையும் பார்த்தார். "ஏண்ணே, டாக்டர் அவுக வாயை அடைச்சாரு. கையை நீங்க கட்டுதியளே?"

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா."

அதன்பிறகு நான் மூன்று நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினேன். மூன்றும் குறையில்லாத கடிதங்கள். முதலாவதில் கனிவான கவனத்தை ஈர்த்தேன். மூன்றாவதில் வருத்தத்துடன் ஈர்த்தேன். அங்கே ஈர்க்கப்பட யாரும் இல்லை.

காலைக் கூட்டம் முடிந்ததும் ஏழரை மணிக்கு அவரிடமிருந்து செல்போனில் செய்தி வரும். முதலில், "லெட்டர் வந்துதா?" பிறகு, "வந்துதா?" ஆவணி பிறந்தபோது வெறும் கேள்விக்குறி மட்டும். நான் 'இல்லை' என்று அனுப்புவேன். பட்டியலில் அவர் இடம் வந்ததும் நான் ஒரு கணம் நிறுத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன். அந்த ஒரு கணத்தை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் ஒரு காலை, நல்ல மழை. களக்காட்டுக்காரர் வாழை சாய்ந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் மோர்ஸ் கேட்டது. என் அழைப்புக்குறி, பிறகு ஒரு கேள்விக்குறி. தட்டியவர் தன் குறியைச் சொல்லவில்லை. கை அவருடையதுதான், ஆனால் சரியில்லை. கோடுகள் பாதியிலேயே தளர்ந்து புள்ளியாயின. புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

எங்களைப் போன்ற ஆட்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒன்று எனக்குத் தோன்றியது. ஆள் தெரியக்கூடாது என்று கையை மாற்றித் தட்டுகிறார். ஏழரை வரை பொறுக்காமல், எல்லோர் முன்னிலும் என்னைக் கிண்டல் செய்கிறார், லெட்டர் வந்துதா என்று.

களக்காட்டுக்காரர் பேச்சை நிறுத்தினார். "அண்ணாச்சி, இது நம்ம அம்பாசமுத்திரம்லா? கை ஒருமாதிரி இருக்கே."

"உரிமம் இல்லாத நிலையத்துக்கு யாரும் பதில் சொல்லாண்டாம். நீங்க வாழையைச் சொல்லுங்க."

"இல்ல அண்ணாச்சி, ஒருதரம் என்னன்னு கேட்டுப் பாப்பமே..."

"விதின்னா எல்லாருக்கும்தான்."

மறுபடியும் தட்டினார். இந்தமுறை என் குறியில் பாதிதான் வந்தது. மூன்றாவது முறை கேள்விக்குறி மட்டும், அதுவும் முடியவில்லை. அப்புறம் ஒரே நீளமான ஒலி, நிற்காமல். அவ்வளவு நேரம் கீயை அழுத்திப்பிடிப்பது அவர் வழக்கமே இல்லை. தொந்தரவு வந்தால் வேறு அலைவரிசைக்கு நகர்ந்துவிட வேண்டும் என்று நடைமுறை உண்டு. "எல்லாரும் அஞ்சு கிலோஹெர்ட்ஸ் மேல வாங்க" என்றேன். வந்தார்கள். அங்கே அமைதியாக இருந்தது. பதிவேட்டில் எழுதினேன்: காலை 6.47, அடையாளம் தெரிவிக்காத நிலையத்தின் இடையூறு.

அன்று ஏழரைக்குச் செய்தி வரவில்லை. கோபித்துக்கொண்டார் என்று இருந்துவிட்டேன்.

அவர் மனைவி அன்று காலை ஒரு வளைகாப்பு வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது ஒன்பது மணி. அவர் மேசையில் சாய்ந்து கிடந்திருக்கிறார், வலது கை கீயின்மேல். அம்பாசமுத்திரத்தில் காட்டி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். எனக்குத் தகவல் வந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு ஆகிவிட்டது.

இளம் டாக்டர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுதுன்னு யாருக்காவது தெரியுமா? நேரம் தெரிஞ்சா பக்கவாதத்துக்கு ஒரு ஊசி இருக்கு, நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். தெரியலைன்னா போட முடியாது. காலைலேருந்து கேக்கேன்."

"நான் வீட்டுல இல்ல சார். யாருக்கும் தெரியாது" என்றார் அவர் மனைவி.

"ஆறு நாப்பத்தேழு" என்றேன்.

டாக்டர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் தாண்டிட்டே சார். ஒரு மணி நேரம் முன்னால சொல்லியிருக்கலாம்லா?"

அவர் மனைவி என்னை எதுவும் கேட்கவில்லை. எப்படித் தெரியும் என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு ஒருநாள், வேறு எதையோ சொல்கிற மாதிரி, "கேபிளு ஆணியில இல்லண்ணே, பெட்டியில மாட்டியிருந்துது" என்றார்.

பிழைத்துக்கொண்டார். வலது கை, வலது கால் போயிற்று. அதோடு எழுத்தும் போயிற்று. பேச்சு, எழுத்து, படிப்பு எல்லாவற்றுக்கும் மூளையில் அக்கம்பக்கத்து இடமாம். அங்கே அடி விழுந்தால் எல்லாம் சேர்ந்து போகுமாம். இடது கையில் பென்சிலைக் கொடுத்தால் கீறுவார், அது ஒன்றுமாக இருக்காது. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் அவருடைய அழைப்புக்குறியை விரலால் தட்டினேன். ஈ ஊர்வதைப் பார்ப்பதுபோல என் விரலைப் பார்த்தார். களக்காட்டுக்காரர் ஒரு சீப்பு பழத்தோடு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் போல எனக்குள்ளேயே வழக்காடினேன். ஆபத்துக்கு என்று விதித்த குறி இருக்கிறது. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. அவர் அதைத் தட்டவில்லை. வெறும் கேள்விக்குறிதான் தட்டினார். ஆகவே விதி பொருந்தாது. நல்ல வாதம். அலுவலகத்தில் என்றால் நின்றிருக்கும். ஆனால் முறைப்படி அழைத்தாரா என்பது பிறகு என்று அதே விதி சொல்கிறது. அதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

காலைக் கூட்டத்தை இப்போது களக்காட்டுக்காரர் நடத்துகிறார். நான் கேட்பதோடு சரி.

விண்ணப்பத்தில் தொடர்புக்கு என் முகவரியைத்தான் கொடுத்திருந்தேன். ஆகவே பதில் எனக்கு வந்தது. தாமதத்துக்குக் காரணம் எழுதவில்லை; நானாக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். உரிமம் புதுப்பிக்கப்பட்டுள்ளது, காலாவதியான நாளுக்கு மறுநாளிலிருந்து, இடைவெளியின்றி. அதாவது அந்த ஐப்பசிக் காலையில் அவருக்கு உரிமம் இருந்தது.

அவர் மனைவியைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ இனி அவுக பேசலாமாண்ணே?"

"பேசலாம்மா" என்றேன்.

அது தைப்பூசத்துக்கு மறுநாள்.